2 இன்ச் உயரத்துக்கு 2.72 லட்சம்: பிக்கப்புக்கு லிஃப்ட் கிட் மாட்டும் முன் ஒரு கணக்கு

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரைக்குடியில் எங்க வீட்டுக்குப் பள்ளி நண்பன் வந்தான். சென்னையில் ஐ.டி. வேலை. செகண்ட் ஹேண்டில் இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. கையில் ஒரு கொட்டேஷன்.

"மாப்ள, பர்சனல் லோன் 14 பர்சென்ட்ல தர்றாங்க. லிஃப்ட் கிட் போட்ரலாமா?"

"எதுக்குடா?"

"தோட்டத்துக்குப் போறப்ப அடியில தட்டுது."

கந்தனூர் பக்கம் அவன் அப்பா வாங்கிப் போட்ட தோட்டம். கண்மாய்க்கரையிலிருந்து பம்புசெட் வரைக்கும் செம்மண் வண்டிப்பாதை. டிராக்டர் போய்ப் போய் ரெண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மேடு. மழை பெய்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும்.

முதலில் கொட்டேஷனைப் பார்த்தேன். முன்பக்கக் காயில் ஸ்பிரிங், பின்பக்க லீஃப் ஸ்பிரிங் (நம்ம ஊர்ல பட்டைன்னு சொல்றது), நாலு ஷாக் அப்சார்பர் சேர்ந்த 2 இன்ச் கிட் 1,20,000 ரூபாய். இதோடு நின்றால் பரவாயில்லை. முன்பக்கத்தை உயர்த்தினால் சக்கரத்தின் கோணம் மாறும். பழைய அப்பர் கன்ட்ரோல் ஆர்மை வைத்து அலைன்மென்ட் சரியாக உட்காராமல் போகலாம். அதனால் புது ஆர்ம் ஒரு ஜோடி, 40,000. மாட்டும் கூலியும் அலைன்மென்ட்டும் 12,000. "உயர்த்திட்டு சின்ன டயர் போட்டா நல்லா இருக்காது சார்" என்று கடைக்காரர் சொன்னதால் பெரிய டயர், ஸ்டெப்னி சேர்த்து அஞ்சு, ஒரு லட்சம். மொத்தம் 2,72,000.

14% வட்டி, 36 மாதம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 9,296. கட்டி முடிக்கும்போது 3,34,656. வட்டி மட்டுமே 62,656. சம்பளக்காரருக்கு இதில் ஒரு ரூபாய்கூட வரிச்சலுகை கிடையாது. தொழில் செய்பவர் வண்டியைத் தொழிலுக்கு ஓட்டினால் தேய்மானமாவது காட்டலாம். நமக்கு அதுவும் இல்லை. வண்டியை விற்கும்போது கிட்டுக்கென்று யாரும் தனியாக விலை தரப்போவதும் இல்லை.

"சரி, வண்டியை எடு. தோட்டத்துக்குப் போவோம்" என்றேன்.

அங்கே போய், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தோம். லிஃப்ட் கிட் யோசிக்கிற எல்லாரும் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான், இதுக்குச் செலவே கிடையாது. கீறல் எங்கே இருக்கு? ஃபுட் ஸ்டெப்பிலோ, முன் ஸ்கிட் பிளேட்டிலோ, பின் பம்பரிலோ இருந்தால் லிஃப்ட் கிட் உதவும். ஏன்னா அதெல்லாம் பாடியோடும் சேஸிஸோடும் சேர்ந்து மேலே போகிற பாகங்கள். இவன் வண்டியில் கீறல் இருந்தது பின் ஆக்சிலின் நடுவில், அந்த டிஃபரன்ஷியல் உருண்டையில்.

இங்கேதான் விஷயம். வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரி பிக்கப்களில் பின்னாடி ஒரே ஆக்சில்; அது ரெண்டு சக்கரத்துக்கு நடுவில் சக்கரத்தோடவே உட்கார்ந்திருக்கு. ஸ்பிரிங் அந்த ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருக்கு. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பாடிதான் மேலே போகும். ஆக்சில் தரையிலிருந்து இருக்கிற உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. 1,20,000 ரூபாய் கிட் மாட்டிக்கொண்டு வந்தாலும் அதே மேட்டில் அதே இடம் தட்டும்.

ஆக்சிலை உயர்த்துவது டயர் மட்டும்தான். இவனுடையது 255/60 ஆர்18. கொட்டேஷனில் இருந்தது 265/65 ஆர்18. விட்டம் ஏறக்குறைய 38 மி.மீ. கூடுகிறது, தரையிலிருந்து கிடைப்பது அதில் பாதி, 19 மி.மீ. ஒரு லட்சத்துக்கு ஒரு விரல் அகலம். கூடவே ஒவ்வொரு சுற்றுக்கும் உருளும் தூரம் 5% கூடும். மீட்டர் 10,000 காட்டும்போது வண்டி உண்மையில் 10,500 ஓடியிருக்கும். சர்வீஸ் கணக்கும் மைலேஜ் கணக்கும் ரெண்டுமே தப்பாகும்.

"அப்ப சீப்பா ஸ்பேசர் வைக்கலாமா?" என்றான். என் பழைய வண்டியில் அதை நான் வைத்திருக்கிறேன். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. ஸ்பேசர் ஷாக்கின் தலையில் வைக்கும் ஒரு வளையம். ஷாக் அதேதான், ஸ்பிரிங் அதேதான். சக்கரம் கீழே தொங்கும்போது பால் ஜாயின்ட்டும் ஆக்சில் ஜாயின்ட்டும் பழைய அளவைத் தாண்டி மடங்கும். எனக்கு முன் டயர் ரெண்டும் உள்பக்கமாகத் தேய்ந்து ஒரு வருஷம்கூட வரவில்லை. ஸ்பேசரில் மிச்சம் பிடித்ததை டயர்க்கடையில் கொடுத்தேன்.

உங்கள் வண்டியில் கீறல் பாடி பக்கம் இருந்து, கிட் உண்மையிலேயே தேவை என்றால், உயரத்தைக் கேட்காதீர்கள். எடையைச் சொல்லிக் கேளுங்கள். ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன் மாதிரி கம்பெனிகள் ஒரே வண்டிக்கு லைட், மீடியம், ஹெவி என்று ஸ்பிரிங்கை எடைக்கேற்பப் பிரித்துத்தான் விற்கின்றன. எப்போதும் வண்டியிலேயே இருக்கும் சாமான் (கேனோபி, ஸ்டீல் பம்பர், டூல் பாக்ஸ்) எத்தனை கிலோ என்பதுதான் கேள்வி. பக்கத்து எடை மேடையில் ஒரு தடவை ஏற்றி இறக்கினால் தெரிந்துவிடும். காலி வண்டிக்கு ஹெவி ஸ்பிரிங் போட்டால் சென்னையிலிருந்து காரைக்குடி வரும் 400 கி.மீ.யும் முதுகுதான் ஷாக் அப்சார்பர்.

அடுத்தது சட்டம். கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பிரிவு 182ஏ(4)-ன்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். "ஆர்.சி. புக்ல சஸ்பென்ஷன் உயரம்னு ஒரு கட்டமே இல்லையே" என்று வாதம் பண்ணுபவர்கள் உண்டு. பண்ணலாம். ஆனால் என் பயம் 5,000 ரூபாய் இல்லை. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி ஓன் டேமேஜ் கிளெய்மை இழுத்தடித்தால், வண்டி மொத்தமும் உங்கள் கைக்காசு. மாட்டுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேளுங்கள். வாயால் "பண்ணிக்கலாம் சார்" என்பது பதில் ஆகாது. வாரண்டி மிச்சம் இருந்தால் டீலரிடமும் அப்படியே.

நண்பனின் ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிந்திருந்ததையும் அன்றைக்கே பார்த்தோம். வண்டி சாலையில் துள்ளியதற்குக் காரணம் அதுதான். ஒரிஜினல் உயரத்துக்கே நாலு ஷாக்கும் மாற்ற 48,000 ஆகும் என்றார்கள். லோன் வேண்டாம், ரெண்டு மாசச் சேமிப்பில் முடியும்.

மேடு? திரும்பி வரும் வழியில் ஜே.சி.பி. வைத்திருப்பவரிடம் கேட்டோம். மணிக்கு 1,300 ரூபாய். அடுத்த சனிக்கிழமை ரெண்டு மணி நேரத்தில் நடு மேட்டைச் சுரண்டி, ரெண்டு பள்ளத்திலும் கிராவல் தட்டியாச்சு. கிராவல் ரெண்டு லோடுக்குத் தனியாகக் கொடுத்தான்.

நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான், தாய்லாந்துக்காரர் ஒருவரின் உயர்த்தப்பட்ட வி-கிராஸ். கீழே ஒரே வரி: "1 இன்ச் மட்டும்னா?"

இன்னும் பதில் போடவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து எடுத்த வீடியோ இந்த வாரம் நம்ம சேனலில் வரும்.