கடலடி மருந்தும் அரைப்பேரும்

நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பாதையில் சீதாஎலியக் கோவிலைத் தாண்டினால் ஹக்கலைப் பூங்கா. இன்று பூப் பார்க்கப் போகிறோம். 1861இல் அதைத் தொடங்கியதோ சின்கோனா மரத்துக்காக. மலேரியாவைத் தணித்த குயினைன் அந்த மரப்பட்டையில் இருந்தது. நோய் விழுந்து கோப்பி அழிந்தபின், தேயிலை வேரூன்றும் முன், நம் தோட்டங்கள் பலவற்றில் சின்கோனாவும் நின்றது. மரத்துக்குள் மருந்து இருப்பது மலையகத்துக்குப் பழைய செய்தி. கடலடியில் பாறையை ஒட்டிக் கிடக்கும் ஓர் உயிருக்குள்ளும் மருந்து இருக்கிறது, அதுவும் புற்றுநோய்க்கு.

ஓட முடியாத உயிர்

அந்த உயிர்தான் கடற்பஞ்சு. பார்வைக்குச் செடி, உண்மையில் விலங்கு. வாய் இல்லை, மூளை இல்லை, நரம்பும் இல்லை. உடம்பெங்கும் உள்ள துளைகளால் கடல்நீரை இழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடித்துத் தின்கிறது. மீன் கடிக்க வந்தால் ஓட வழியில்லை. ஆகவே நஞ்சே அதற்குக் காவல். பல வேளைகளில் அந்த நஞ்சைச் செய்து கொடுப்பவை அதனுள் குடியிருக்கும் பக்டீரியாக்கள்.

கடற்பஞ்சின் நஞ்சில் மருந்து தேடும் பணியில் நம் நாட்டவர் ஒருவருக்கும் பங்குண்டு. இலங்கை இரசாயனவியலாளர் டிலிப் டி சில்வா, ஹவாயில் பேராசிரியர் பால் ஷோயருடன் பணியாற்றியபோது, பலாவு தீவுக் கடற்பஞ்சிலிருந்து மனோவலைட் என்ற பொருளைப் பிரித்து 1980இல் வெளியிட்டார். வீக்கத்தைத் தணிக்கும் ஆற்றல் அதில் தெரிந்தது. தோல் நோய்க்காக மனிதரிடம் சோதிக்கும் வரை போயும் மருந்தாகவில்லை. இந்தத் துறையில் பெரும்பாலான பொருள்களின் கதை இதுதான்.

சுவரில் ஒரு தவறான கல்

மருந்தாகியவற்றில் மூத்தது சைட்டராபின். புளோரிடாக் கடற்பஞ்சு ஒன்றில் வெர்னர் பெர்க்மன் வினோதமான சில பொருள்களைக் கண்டார். டி.என்.ஏ.வின் கட்டுமானத் துண்டுகளைப் போலவே இருந்தன. உள்ளிருந்த சர்க்கரை மட்டும் வேறு. மேஸ்திரி சுவர் எழுப்பும்போது, மேலே இன்னொன்று உட்கார முடியாத கல்லை இடையில் வைத்துவிட்டால் என்ன ஆகும்? வேலை அங்கேயே நின்றுவிடும். வேகமாகப் பெருகும் புற்றுக் கலத்துக்கு சைட்டராபின் செய்வது அதுதான். அந்தக் கடற்பஞ்சுப் பொருள்களை மாதிரியாக வைத்து ஆய்வுகூடத்தில் செய்த இம்மருந்துக்கு 1969இல் அமெரிக்கா அனுமதி தந்தது. கடுமையான இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முதன்மை மருந்துகளில் ஒன்று.

600 கிலோவில் 12.5 மில்லிகிராம்

ஜப்பானியக் கடற்பஞ்சில் 1980களில் கண்ட ஹாலிகொண்ட்ரின் பி இன்னும் வீரியமானது. ஆனால் 600 கிலோ பஞ்சைப் பிழிந்தும் கிடைத்தது 12.5 மில்லிகிராம்தான். கடலை வழித்தெடுத்தாலும் நோயாளருக்குக் காணாது. ஹார்வர்டில் யோஷிதோ கிஷியின் குழு 1992இல் அதைச் செயற்கையாகக் கட்டியது. அந்த மூலக்கூறின் ஒரு பாதியே போதும் என்பது பிறகு தெரிந்தது. அதுவே எரிபியுலின், பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எனவே யாராவது ‘கடற்பஞ்சுத் தூள் புற்றைக் கரைக்கும்’ என்று பொட்டலம் நீட்டினால் வாங்காதீர்கள். பஞ்சில் இருப்பது நஞ்சு. மருந்தோ மருத்துவர் அளந்து ஏற்றும் ஊசி.

இரண்டரை மாதம்

பல சிகிச்சைகளைக் கடந்துவந்த நோயாளரிடம் நடந்த பெரிய ஆய்வில், எரிபியுலின் கூட்டித் தந்த ஆயுள் ஏறத்தாழ இரண்டரை மாதம். பிள்ளை முகம் பார்க்க அது பெரிய காலம். ஆனால் எனக்கு மனம் ஆறுவதில்லை. மார்பகக் கட்டி கடலைப் பருப்பளவில் இருந்தபோதே காட்டியிருந்தால், அறுவைச் சிகிச்சையும் தொடர் சிகிச்சையுமாகப் பல ஆண்டுகள் வாழும் வாய்ப்பு இருந்திருக்குமே.

கொழுந்து மலையை விட்டுக் கிளினிக் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போகும். அரைநாள் சம்பளமான அரைப்பேர்கூட மிஞ்சாது. அந்தக் கணக்கின் வலி எனக்குத் தெரியும். ‘வலிக்கவில்லையே’ என்ற ஆறுதலும் நம்மைத் தாமதிக்க வைக்கிறது. மார்பகக் கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. தோல் குழிவதும், காம்பு உள்ளிழுப்பதும், இரத்தம் கசிவதும், அக்குளில் கழலை தட்டுப்படுவதும் உடனே காட்டவேண்டிய அடையாளங்கள். 35 வயதான பெண்களுக்கு சுகவனிதையர் கிளினிக்கில் மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். அடுத்த கிளினிக் எந்த நாள் என்று லயத்துக்கு வரும் மிட்வைப்பிடம் கேட்டால் சொல்வார்.