இறுக்கமும் பிடிப்பும்: ஜீப் வண்டியின் அடித்தகடுகள்

அறிவு சற்றே பிசகியவனை 'மரை கழன்றவன்' என்று நம் மக்கள் சொல்வது வழக்கம். மனிதனுடைய மரை கழல்வதைப் பற்றிய ஆராய்ச்சியை அதற்குரிய வைத்தியர்களிடம் விட்டுவிட்டு, ஜீப் வண்டியின் அடியில் மரை கழல்வதைப் பற்றி மட்டும் இங்குப் பேச எண்ணுகிறோம்.

உத்தியோகத்தின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வெளியே வாழும் நம்மவருக்கு ஊர் மாற்றம் புதிதன்று. பாத்திரம் பண்டங்கள், பிள்ளைகளின் புத்தகங்கள், இவற்றோடு வண்டியும் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் பயணமாகிறது. விசாகப்பட்டினத்திலும் போர்ட் பிளேரிலும் கடற்காற்றைக் குடித்த வண்டி நாகபுரிக்கோ ஜெய்ப்பூருக்கோ செல்கிறது. வறண்ட ஊருக்கு வந்துவிட்டோம், இனித் துருவைப் பற்றிய கவலை இல்லை என்று நாம் நிம்மதி கொள்கிறோம். ஆனால் வண்டியின் அடியில் படிந்த உப்பு இறங்கிக்கொள்வதில்லை. அதுவும் உடன் வருகிறது. மும்பையில் பழையதாக ஒரு ஜீப் வகை வண்டியை வாங்கி, மாற்றலின் போது அதைத் தில்லிக்குக் கொண்டு சென்ற நாங்கள் இந்த உண்மையைச் சற்றுத் தாமதமாகவே அறிந்தோம்.

முதலில் அடித்தகடு என்பது யாது என்று பார்த்துவிடுவோம். கரடுமுரடான பாதையில் செல்லும் வண்டியின் அடியில், கல்லும் கட்டையும் இடித்துவிடக்கூடிய உறுப்புக்களைக் காக்க இரும்புத் தகடுகளைப் பொருத்துகின்றனர். கியர்ப் பெட்டிக்குக் கீழே ஒரு பெரிய தகடு சேஸிஸில் பூட்டப்பட்டிருக்கும். சக்கரங்களின் அருகே, ஸ்பிரிங் பட்டைகளுக்குக் கீழே, சிறிய தகடுகள் இருக்கும். எங்கள் வண்டியின் அமைப்பில் ஸ்பிரிங் பட்டைகள் அச்சுக்குழலுக்கு அடியில் அமைந்தவை. வளைந்த யூ போல்ட்டுகள் இரண்டு, அச்சின் மேலாக வந்து, ஸ்பிரிங்கின் இருபுறமும் கீழே இறங்கி, ஒரு கனத்த தட்டில் நான்கு நட்டுகளால் முடிகின்றன. வண்டியிலேயே தரைக்கு மிக அருகில் தொங்குபவற்றுள் இந்த நட்டுகளும் அடங்கும். ஆகவே கல் முதலில் தேடி வருவதும் இவற்றையே. முன்பு வண்டியை வைத்திருந்தவர், இவற்றைக் காப்பதற்கென்று அதே யூ போல்ட்டுகளில் கோத்து, அதே நட்டுகளின் கீழ் ஒரு காப்புத் தகட்டையும் சேர்த்திருந்தார்.

நேயர்கள் இங்குச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இத்தகைய அமைப்பில் வண்டியின் பாரம் சேஸிஸிலிருந்து ஸ்பிரிங்குக்கு வந்து, அங்கிருந்து அச்சுக்கு யூ போல்ட்டுகளின் வழியாகவே செல்கிறது. வண்டி அந்தப் போல்ட்டுகளில் தொங்குகிறது என்றே சொல்லிவிடலாம். எனவே அந்தத் தகடு ஆடுகிறது என்றால் ஆடுவது தகடு மாத்திரமன்று. அச்சைப் பிடித்திருக்கும் பிடியே ஆடுகிறது. அப்பிடி தளர்ந்தால், பட்டைகளின் நடுவேயுள்ள சென்டர் போல்ட்டின் மேல் முழுச் சுமையும் விழுகிறது. அது அறுந்தால் அச்சு முன்னோ பின்னோ நகர்ந்துவிடும். மலைச் சரிவில் பிரேக்கை அழுத்தும் வேளையில் அச்சு நகர்வது என்றால் என்ன பொருள் என்று விரித்துரைக்க வேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் குடும்பத்தோடு ஸ்பிதிக்குப் புறப்பட்டோம். புறப்படுமுன் ஒரு பட்டறையில் வண்டியின் அடிப்புறத்தைப் பார்க்கச் சொன்னோம். அவர்கள் ஸ்பானரில் நீண்ட குழாய் ஒன்றைச் செருகி எல்லா நட்டுகளையும் ஓங்கி இறுக்கி, அடிப்புறம் முழுவதும் கரிய வர்ணம் பூசித் தந்தார்கள். பார்ப்பதற்குப் புத்தம் புதிய வண்டிபோல் இருந்தது. நாங்களும் மகிழ்ந்தோம்.

மணாலியைக் கடந்து, 2020இல் திறக்கப்பெற்ற அடல் சுரங்கப்பாதை வழியே மறுபுறம் சென்று, கிராம்புவில் ஸ்பிதிச் சாலைக்குத் திரும்பினோம். அங்கிருந்து பாதை, சந்திரா நதியை ஒட்டி, உருண்டைக் கற்களின் மேலும் குறுக்கே ஓடும் நீரோடைகளின் ஊடாகவும் செல்கிறது. பாதல் என்னும் இடத்தை நெருங்கியபோது, பின்புறம் இடப்பக்கத்திலிருந்து 'டொக்' என்றொரு ஒலி; ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு 'டொக்'. பிரேக்கை அழுத்தினால் வண்டியின் பின்புறம் இலேசாக ஒருபக்கம் ஒதுங்குவது போன்ற உணர்ச்சி. இறங்கிக் குனிந்து பார்த்தால், நான்கு நட்டுகளில் ஒன்றைக் காணோம். மற்ற மூன்றும், பட்டறையில் குழாய் போட்டு இறுக்கப்பட்ட அதே நட்டுகள், சிறிய ஸ்பானருக்கே எளிதாகத் திரும்பின.

அவ்வழியே வந்த ஒரு லாரி ஓட்டுநர் தம் தகரப் பெட்டியைத் திறந்து உதவினார். அதிலிருந்த முதல் நட் ஏறவே மறுத்தது, இரண்டாவது அரைச்சுற்றில் நின்றது, மூன்றாவது பொருந்தியது. பழைய ஜீப் வகைகளில் அங்குல அளவு மரைகள் உண்டு. புதிய வண்டிகளில் மில்லிமீட்டர் அளவு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஏறாத நட்டை வலிந்து ஏற்றினால் இரண்டு மரைகளும் கெடும். ஸ்பானரிலும் இதே கதைதான்: 9/16 அங்குலம் என்பது 14.29 மில்லிமீட்டர், அதில் 14 ஸ்பானர் நுழையாது, 15 ஸ்பானரோ முனைகளை மழுக்கிவிடும். நட்டுகளைப் பூட்டிய பின் மிகமெல்ல ஓட்டி, இடையிடையே இறங்கிப் பார்த்துக்கொண்டே குன்சம் கணவாயைக் கடந்து காஜாவை அடைந்தோம். பாதையிலேயே அந்தத் தகட்டைக் கழற்றி எறிந்திருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். சேஸிஸைத் தாங்கியில் நிறுத்தாமல் அந்த நான்கு நட்டுகளையும் கழற்றினால், வண்டியின் பாரத்தால் ஸ்பிரிங் அச்சை விட்டுக் கீழே விலகிவிடும்; கீழே படுத்திருப்பவர் கதி என்னாகும்?

காஜாவின் பட்டறைக்காரர் வண்டியைத் தாங்கிகளில் நிறுத்தி, நட்டுகளைக் கழற்றி, மரையை விரலால் தடவிப் பார்த்து, "சூடி மர் கயி" என்றார். 'சூடி' என்றால் வளையல். வடநாட்டுப் பட்டறைகளில் மரைக்கும் அதுவே பெயர். மரை செத்துவிட்டது என்பது அவர் தீர்ப்பு. ஸ்பானருக்கு அங்கே 'பானா', ஸ்பிரிங் பட்டைக்குக் 'கமானி', துருவுக்கு 'ஜங்'. இந்த நான்கு சொற்களைக் கற்றுக்கொண்டால் வடக்கே பாதி வேலை முடிந்தது.

ஓங்கி இறுக்கிய நட், சில நூறு கிலோமீட்டரில் எவ்வாறு தளர்ந்தது? இறுக்கம் வேறு, பிடிப்பு வேறு என்பதே விடை. போல்ட் என்பது உண்மையில் ஒரு விறைத்த ஸ்பிரிங். நட்டைத் திருப்பும்போது போல்ட் மயிரிழையளவு நீளுகிறது. மீண்டும் சுருங்கத் துடிக்கும் அந்த விசையே தகடுகளை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்கிறது. நாம் ஸ்பானரில் செலுத்தும் முயற்சியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வாகவே செலவாகிவிடும். நல்ல நிலையிலுள்ள போல்ட்டுக்கே இந்தக் கணக்கு என்றால், துருப்பிடித்த மரையைப் பற்றிக் கேட்பானேன்? எஞ்சிய அந்த ஒரு பங்கையும் துருவே விழுங்கிவிடுகிறது. ஸ்பானர் நகரவில்லை, இறுக்குபவரின் தோள் வலிக்கிறது, போல்ட்டோ நீளவே இல்லை. இறுகியது துரு, பிடித்தது ஒன்றுமில்லை.

இதன் மேல் வர்ணத்தின் கைங்கரியம் ஒன்று உண்டு. பெரிய தகட்டைப் பிடிக்கும் 10 மில்லிமீட்டர் போல்ட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது பிடிக்கும் கனம் 25 மில்லிமீட்டர் என்றால், முறையாக இறுக்கும்போது அது நீள்வது சுமார் 0.05 மில்லிமீட்டர்தான். யூ போல்ட்டின் கால் நீளமாகையால் இன்னும் சிறிது நீளும். அரை மில்லிமீட்டரை எட்டாது. தகட்டுக்கும் தட்டுக்கும் இடையே துருப் பொருக்கும், அதன்மேல் தடித்த வர்ணமும் இருந்தால், கல்லில் குலுங்கக் குலுங்க அவை நசுங்கிப் பொடியாகும். மயிரிழை நீட்சியெல்லாம் அங்கேயே கரைந்துபோகிறது. பிறகு தகடு பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கும். வழுக்கும் இணைப்பில் நட் தானாகவே பின்னோக்கிச் சுழலும் என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்டு யுங்கர் 1969இல் சோதனை வாயிலாக விளக்கினார். பிளவு வாஷரைப் போட்டுவிட்டோமே என்று ஆறுதல் கொள்வதில் பயனில்லை. இத்தகைய பக்கவாட்டு ஆட்டத்தை அது தடுப்பதில்லை.

துருவின் குணமும் விசித்திரமானது. தான் தின்ற இரும்பைக் காட்டிலும் அது கூடுதல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் முதலில் தகடுகளை நெம்பி, போல்ட்டை மேலும் இறுகியதுபோல் காட்டும். பின்னர் பொடிந்து விழுந்து தளர்த்தும். உப்பு இதற்குத் துணை நிற்கிறது. மழைக்காலத்தில் அடுப்பங்கரை உப்புச் சாடியில் நீர் கோத்துக்கொள்வதை யாவரும் அறிவர். காற்றின் ஈரம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரையும். மும்பையில் தகட்டிடுக்கில் புகுந்த உப்பு, தில்லியின் ஆவணி மழையில் மீண்டும் உயிர் பெறுவது இவ்விதமே. தகட்டின் மேல் சேறு தங்கிவிட்டால் ஈரம் வாரக்கணக்கில் காயாது. ஆதலால் வண்டியைக் கழுவும்போது தகட்டின் அடிப்புறத்தைக் காட்டிலும் மேற்புறத்தையே கவனித்துக் கழுவ வேண்டும். நீர் வடிவதற்குத் துளை இருந்தால் அதைக் குச்சியால் குத்தித் திறந்துவிடுவதும் நலம்.

நோயைக் கண்டறிவது கடினமன்று. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சமதரையில் படுத்துப் பாருங்கள். ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டியின் அடியில் எவரும் நுழையலாகாது. போல்ட்டின் தலையடியிலிருந்து செம்பழுப்புக் கோடு ஒழுகியிருந்தால் அங்கே உலோகம் உலோகத்தோடு உராய்கிறது என்று அறியலாம். துளையின் விளிம்பு பளபளப்பதும், வட்டத்துளை முட்டை வடிவாவதும் அதே நோயின் முற்றிய நிலை. சிறு சுத்தியால் தகட்டைத் தட்டினால், பிடிப்புள்ளது கணீரென்றும் பிடிப்பற்றது சளசளவென்றும் ஒலிக்கும். சந்தையில் பானை வாங்கும் நம் பாட்டிமாருக்கு இந்தச் சோதனையைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கழற்றுவதில் அவசரம் ஆகாது. கம்பித் தூரிகையால் மரையைத் தேய்த்து, ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊற விட வேண்டும். மறுநாள் முதலில் இம்மியளவு இறுக்கி, துருவின் பிடி முறிந்த பின் தளர்த்துக. தீயால் சூடேற்றும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. எரிபொருள் தொட்டியும் பிரேக்குக் குழாயும் ரப்பர்ப் புஷ்களும் அருகிலிருக்கையில் அதற்கு இடங்கொடாதீர்கள். கழற்றிய பழைய யூ போல்ட்டை மீண்டும் பயன்படுத்துவது வீண் சிக்கனம். அது ஒருமுறை நீண்டு களைத்தது. சாதாரணக் கம்பியை வளைத்து மரை வெட்டித் தருவோர் எல்லா ஊரிலும் இருக்கின்றனர். விலை குறைவு, வண்டி தொங்குவது அதில்தான் என்பதை மறந்துவிட்டால் வாங்கலாம்.

மீண்டும் பூட்டும்போது, ஒன்றோடொன்று பொருந்தும் முகங்களைத் துரு நீக்கி, மெல்லிய பிரைமர் ஒரு பூச்சோடு நிறுத்துக. கரிய தடித்த வர்ணத்தை எல்லாம் பூட்டிய பிறகு வெளிப்புறத்தில் பூசலாம். தகட்டுப் போல்ட்டின் தலையில் 8.8 என்ற எண் இருக்கட்டும். சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவையைத் தாங்கும் தரம் அது. துருவேறாத எஃகுப் போல்ட்டு அழகாய் இருக்கும். ஆனால் கடைகளில் கிடைக்கும் வழக்கமான வகை வலிமையில் இதற்குக் குறைந்தது. அலுமினியத் தகட்டில் அதைப் பூட்டினால், ஈரம் பட்ட இடத்தில் அலுமினியம் அரிக்கப்படும். நைலான் வளையமிட்ட நட் நன்று. புகைக்குழாயின் அருகே மட்டும் வேண்டாம், வெப்பத்தில் நைலான் இளகிவிடும். உலர்ந்த 10 மில்லிமீட்டர் 8.8 போல்ட்டுக்கு 45 முதல் 50 நியூட்டன் மீட்டர் முறுக்கு வழக்கம். வண்டியின் புத்தகம் வேறு கூறுமாயின் புத்தகமே பிரமாணம். மரையில் கிரீஸ் தடவினால் உராய்வு குறைந்து அதே முறுக்கில் போல்ட் கூடுதலாக நீளும். ஆகவே முறுக்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும். யூ போல்ட்டின் நான்கு நட்டுகளையும் குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று தவணைகளில், அளவுகாட்டும் ஸ்பானரால் இறுக்குக.

காஜாவில் புதிய யூ போல்ட்டுகள் கிடைத்தன. காப்புத் தகட்டை அங்கே மீண்டும் கோக்காமல், வண்டியின் பின்புறத்தில் போட்டுக்கொண்டோம். தகடு போன கனத்திற்கு ஈடாகக் கெட்டி வாஷர்கள் இடப்பட்டன. இல்லையேல் நட் மரை முடியும் இடத்தில் முட்டி நின்று, இறுகியதுபோல் ஏமாற்றியிருக்கும். பட்டறைக்காரர் ஒவ்வொரு நட்டிலிருந்தும் தட்டுவரை வெள்ளை வர்ணத்தால் ஒரு கோடு இழுத்தார். நட் நகர்ந்தால் கோடு முறியும். தில்லி திரும்பியதும் பார்த்தோம்: மூன்று கோடுகள் நேராக இருந்தன, ஒன்று ஒரு நூலளவு விலகியிருந்தது. நான்கையும் அளவுகாட்டும் ஸ்பானரால் மறுமுறை இறுக்கி, புதுக்கோடு இழுத்தோம். அடுத்த 500 கிலோமீட்டருக்குப் பின் பார்த்தபோது நான்கும் நேராகவே இருந்தன. அதன் பிறகுதான் அந்தத் தகட்டைச் சுரண்டி, துருவெல்லாம் களைந்து, திரும்பவும் பூட்டினோம். இம்முறை யூ போல்ட்டில் கோக்காமல், தனியாக ஒரு தாங்கி அமைத்து, தனக்கென்று நான்கு போல்ட்டுகளோடு.