பழவேற்காட்டுக் கல்லறை சொல்லும் வியாபாரப் பாடம்

மூட்டையில் அடித்திருக்கும் மார்க்கைப் பார்த்தே எந்த ஊர்ச் சரக்கு, எந்த ஆலைச் சரக்கு என்று சொல்லிவிடும் அனுபவசாலிகள் நம்மில் பலர் உண்டு. இவ்வழக்கம் எவ்வளவு பழையது என்பதை அறிய நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. நமது மாவட்டத்துப் பழவேற்காட்டுக்குப் போனால் போதும்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-ல் இங்கு கோட்டை கட்டிற்று. தங்கள் நாட்டுக் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரால் அதற்குக் 'கெல்ட்ரியா' என்று பெயர் வைத்தனர். கோட்டை இன்று இடிந்து கிடக்கிறது. ஆனால் அவர்களது கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வாசலில் இரு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். உள்ளே கற்பலகைகளில் டச்சு எழுத்துக்களுடன், கேடய வடிவில் செதுக்கிய குடும்பச் சின்னங்கள்.

கேடயச் சின்னம் என்றால் ராஜாக்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டாம். டச்சு நாட்டில் சாதாரண வியாபாரியும் சின்னம் வைத்துக்கொள்ளத் தடை இருந்ததில்லை. சரக்குப் பொதியில் போட்டுவந்த குறியையே கேடயத்துக்குள் வைத்துக் குடும்பச் சின்னமாக்கிக் கொண்டவர்களும் உண்டு.

18-ம் நூற்றாண்டில் கம்பெனி வெளியிட்ட செப்புக் காசுகளைப் பாருங்கள். ஒரு பக்கம் கம்பெனியின் முதலெழுத்துக்களைப் பின்னிய முத்திரை. மறுபக்கம் காசு அடித்த மாகாணத்தின் சின்னம். அலையிலிருந்து எழும் சிங்கம் என்றால் அது ஜீலாந்து மாகாணம். கம்பெனி ஒன்றுதான், ஆனாலும் மாகாணங்கள் தத்தம் அடையாளத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

நமது நிலை என்ன? பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய துணிகள் அந்த ஊர்ப் பெயரை உலகெங்கும் பரப்பின. 'பாளையகாட்டு லுங்கி' என்று இன்றும் கடைகளில் விற்கிறோம். ஆனால் அது பழவேற்காட்டின் பெயர் என்பது வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவரிலும் பலருக்குத் தெரியாது. பெயர் நிலைத்தது, ஊருக்கு அதனால் பலன் இல்லை.

ஊர்ப் பெயரைக் காக்கும் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு, 2003-ல் அமலுக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டு அந்தப் பாதுகாப்பைப் பெற்றுவிட்டது. பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளை விற்பவர்கள், அவற்றின்மேல் ஊர்ப் பெயரைப் போட்டு விற்கலாமே! பொட்டலத்திலும் பில்லிலும் ஊர்ப் பெயர் ஒரு வரி சேர்வதால் நமக்கு நஷ்டம் ஏதுமில்லை.

நாணயமான சரக்கும், அது பிறந்த ஊரின் பெயரும் சேர்ந்தே போகட்டும்.