புகையும் செப்புத் தகடும்

ஆனைக்குட்டம் அணையைச் சுற்றிய கரிசல் ஊர்களில் பட்டாசுத் தொழிற்சாலையை ‘பயர் ஆபீஸ்’ என்பார்கள். தூரத்தில் புகை எழுந்தால் எந்த ஆபீஸோ என்று பதறி ஓடுவார்கள். தீயை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கண்டதிலிருந்து காணாததை அறியும் இந்த அனுமானத்துக்கு என்ன ஆதாரம்? கடவுளை நம்பாதவர் தன் பகுத்தறிவை மட்டும் எப்படி நம்புகிறார்? 1931-இல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடிய விருதுநகர்ச் சீமையில் இது எழ வேண்டிய கேள்விதான்.

மணிமேகலையில் வரும் பொருள்முதல்வாதியான பூதவாதி, கண்கூடு தவிர வேறு சான்று இல்லை என்கிறார். அதே காப்பியத்தில் பௌத்தத் துறவி அறவண அடிகள், மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு, அடுக்களையில் பார்ப்பதுபோல என்று அனுமானத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காட்டுகிறார். பிரெஞ்சு மெய்யியலாளர் தெக்கார்த் 1641-இல், ஏமாற்றாத கடவுள் இருப்பதால் தெளிவான அறிவை நம்பலாம் என்றார். கடவுளை நிறுவவே அந்த அறிவு வேண்டுமே என்று அப்போதே மடக்கினார் அர்னோ.

என்னை வியக்க வைப்பவர் நியாய மெய்யியலாளர் உதயணர். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கடவுளை நிறுவவே நியாயகுசுமாஞ்சலி எழுதியவர். அவர்கூட அனுமானத்தைக் காக்கக் கடவுளைச் சாட்சிக்கு அழைக்கவில்லை. நம் சொந்தச் செயலோடு முரண்படும் இடத்தில் சந்தேகம் நின்றுவிடும் என்றார். பின்வந்த கங்கேசர் இதை விரித்தார்: புகை வேண்டுமென்றால் நெருப்பை மூட்டுகிறவர், நெருப்பால்தான் புகை வருகிறதா என்று எப்படிச் சந்தேகிப்பார்?

சந்தேகம் செயலில் நின்றுவிடுவதைப் பயர் ஆபீஸின் வெடிமருந்து அறை வாசலில் கண்ணாரப் பார்க்கலாம். அங்கே நிலத்தோடு கம்பியால் இணைத்த செப்புத் தகடு இருக்க வேண்டும். வறண்ட காற்றில் நடக்கும்போது, துணி உரசும்போது உடம்பில் நிலைமின்சாரம் சேர்கிறது. ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் கீழே அதன் பொறி விரலுக்கு உறைக்காது. ஆனால் நுண்ணிய மருந்துத் தூளைப் பற்றவைக்க அதற்குக் குறைவான பொறியே போதும். கண்ணுக்கும் தோலுக்கும் எட்டாத ஆபத்து இது. பூதவாதியை நம்பி உள்ளே போனால் உயிர் மிஞ்சாது. தகட்டைத் தொட்டால் மின்சாரம் நிலத்துக்கு இறங்கிவிடும். திருநீறு பூசிய கைக்கும் பூசாத கைக்கும் ஒரே விதி.

பகுத்தறிவு தனக்கு வெளியே போய்த் தன்னை நிரூபிக்க முடியாது. மதத்தாலும் அது முடியாது, அங்கும் வாதிட அறிவுதான் வேண்டும். ஆனால் தப்பான அனுமானம் செயலில் இறங்கியதும் அகப்பட்டுக்கொள்ளும், திருத்தவும் முடியும். பகுத்தறிவை நம்ப எனக்கு இந்த நியாயமே போதும்.

சாமி கும்பிடுவது அவரவர் விருப்பம். செப்புத் தகடு இல்லாத மருந்து அறைக்குள் மட்டும் யாரும் கால் வைக்காதீர்கள்.