படித்ததும் பார்த்ததும்: மாதக் குறிப்புகளின் கதை

ஒரு மாதத்தில் படித்த புத்தகங்களையும் பார்த்த படங்களையும் தேதிவாரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு வரி அபிப்பிராயம் சேர்த்து வைப்பது பல வாசகர்களிடம் உள்ள வழக்கம். இது விமரிசனம் அல்ல. விமரிசகர் ஒரு படைப்பை முழுவதும் படித்து, அதன் தரத்தை எடைபோட்டு, பிறருக்காக எழுதுகிறார். குறிப்பு எழுதுபவர் தனக்காக எழுதுகிறார். எங்கே வாங்கியது, எந்த அத்தியாயத்தோடு நின்றது, யாரோடு போய்ப் பார்த்தது, பிடித்ததா இல்லையா என்பதுதான் அதில் இருக்கும். பாதியில் விட்ட நாவலும் மூன்றாம் முறை பார்த்த பழைய படமும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வரும். ஒரு புத்தகம் எப்போது அச்சானது, எத்தனை பதிப்பு கண்டது என்பதை இலக்கிய வரலாறு சொல்லிவிடும். அது ஒரு மனிதரின் ஒரு வாரத்துக்குள் எப்படி வந்து சேர்ந்தது, அங்கே என்ன செய்தது என்பதைச் சொல்ல இந்தச் சிறு குறிப்புகளை விட்டால் வேறு வழி அதிகம் இல்லை.

குறிப்பு எழுதத் தூண்டும் முதல் காரணம் மறதி. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து, முடிவுகளை 1885இல் வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. அதன்பிறகு மறதியின் வேகம் குறைந்தது. 31 நாள் கழித்து அதே அசைகளை மறுபடி கற்றபோது, முன்பு கற்றதால் மிச்சமான உழைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். கதையும் காட்சியும் பொருளற்ற அசைகள் அல்ல. அவை இன்னும் நெடுநாள் தங்கும். ஆனாலும் ஒரு மாதம் போனால் பாத்திரங்களின் பெயர் கலங்குகிறது, நிகழ்ச்சிகளின் வரிசை குழம்புகிறது, குறிப்பாக ஏன் பிடித்தது என்ற காரணம் கழன்றுவிடுகிறது. நன்றாக இருந்தது என்ற பொத்தாம்பொதுவான நினைவுதான் மிஞ்சும்.

இதை அனுபவத்தால் அறிந்து வழி செய்துகொண்டவர் பதினாறாம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மொந்தேன். புதிது என்று நினைத்து ஒரு புத்தகத்தைக் கையில் எடுப்பார். பார்த்தால் சில ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கவனமாகப் படித்து ஓரமெல்லாம் எழுதி வைத்திருப்பார். இப்படிப் பலமுறை நேர்ந்ததால், ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் படித்து முடித்த தேதியையும், மொத்தத்தில் அதைப் பற்றித் தோன்றியதையும் எழுதும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார். புத்தகங்களைப் பற்றிய தம் கட்டுரையில் அப்படிப்பட்ட பழைய குறிப்புகள் சிலவற்றை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். இத்தாலிய வரலாற்றாசிரியர் குயிச்சார்தினியைப் பற்றிய குறிப்பு அவற்றில் ஒன்று. தேதி, ஒரு தீர்ப்பு, அதற்கு ஒரு காரணம் என்ற அந்த மூன்று அம்சங்களை இன்றைய வாசகக் குறிப்பும் தாண்டவில்லை.

மொந்தேனுக்கு ஏழு நூற்றாண்டுகள் முந்தியது கான்ஸ்டான்டினோபிளில் வாழ்ந்த ஃபோடியஸின் வாசிப்புக் குறிப்பு. பின்னாளில் அந்நகரின் கிறித்தவத் தலைமைக் குருவான இவர், தம் சகோதரர் தாராசியஸ் கேட்டுக்கொண்டபடி, படித்த நூல்களைப் பற்றி ஏறக்குறைய 280 குறிப்புகள் எழுதினார். சில இரண்டு மூன்று வரிதான். சில பக்கக்கணக்கில் நீள்கின்றன. நடை தெளிவா, சொல் மிகையா என்று ஒவ்வொன்றுக்கும் அபிப்பிராயமும் உண்டு. அவர் படித்தவற்றில் பெரும்பகுதி பின்னர் அழிந்துவிட, பல நூல்களுக்கு அவர் எழுதிய குறிப்பே எஞ்சிய சாட்சி ஆகிவிட்டது. பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த கிரேக்கர் க்டேசியாஸ், கி.மு. 400ஐ ஒட்டி இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது இன்று இல்லை. அதில் என்ன இருந்தது என்பது பெரும்பாலும் ஃபோடியஸின் சுருக்கத்தால்தான் தெரிகிறது. விசித்திர மிருகங்களும் விநோத மனிதர்களும் நிறைந்த அந்த வருணனை கட்டுக்கதை போலிருக்கிறது என்ற ஐயத்தையும் ஃபோடியஸ் மறைக்கவில்லை.

படித்ததோடு பார்த்ததையும் சேர்த்து எழுதியவர்களில் சாமுவேல் பீப்ஸுக்கு இணை சொல்வது கடினம். லண்டன் தையற்காரர் ஒருவரின் மகன். ஆங்கிலேயக் கடற்படை நிர்வாகத்தில் உயர்ந்த அதிகாரி. 1660 ஜனவரி 1இல் தொடங்கி 1669 மே 31 வரை சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். கண்பார்வை போய்விடும் என்று அஞ்சியே நிறுத்தினார். அஞ்சியபடி பார்வை போகவில்லை என்றாலும் நாட்குறிப்பு மறுபடி தொடரவில்லை. அவர் தொடங்கிய காலம் நாடகத்துக்கு நல்ல காலம். 1642இல் நாடாளுமன்றம் மூடிய அரங்குகள், 1660இல் மன்னராட்சி திரும்பியதும் திறந்தன. பெண் வேடத்தைப் பெண்களே ஏற்று ஆடுவதை 1661 ஜனவரியில் முதன்முதலாகப் பார்த்ததாக அவர் எழுதியிருக்கிறார். நாடகப் பித்து முற்றி, வேலையையும் பணத்தையும் தின்பதாக அவருக்கே பட்டது. இன்ன தேதிவரை நாடகம் பார்ப்பதில்லை என்று சபதம் எடுப்பார். மீறினால் ஏழைகளுக்கான உண்டியலில் அபராதம் போடுவார்.

அவர் அபிப்பிராயங்கள் இன்றைய வாசகரைத் திடுக்கிட வைக்கும். 1662இல் பார்த்த ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’, வாழ்நாளில் கேட்டவற்றிலேயே மோசமான நாடகம் என்று பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் பார்த்த ‘நடுவேனில் இரவுக் கனவு’ சாரமற்றது, அபத்தமானது, இனி ஒருபோதும் பார்ப்பதில்லை. நல்ல நடனமும் அழகான பெண்களும் இருந்ததே மிச்சம். பெரிய ரசனை இல்லாதவர் என்று இதை வைத்து ஒதுக்கிவிடக் கூடாது. ‘ரோமியோ’ குறிப்பில் அவர் காரணமும் சொல்கிறார்: அது முதல் காட்சி, நடிகர்கள் வசனத்தைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார்கள், இனி முதல் நாள் போவதில்லை. பிரதியைப் பற்றிய தீர்ப்பு போலத் தோன்றுவதில் பாதி அந்த மாலைப் பொழுதின் அரங்கைப் பற்றிய சாட்சியம். நாடக வரலாறு எழுதுபவர்கள் அந்த வரியை அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள்.

அபிப்பிராயம் மாறுவதையும் அதே நாட்குறிப்பில் தேதியோடு காணலாம். ‘மேக்பெத்’தை 1664 நவம்பரில் பார்த்தபோது ஓரளவு நல்ல நாடகம் என்று எழுதினார். 1666 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் மறுபடி பார்த்தபோது அதன் பல்சுவையைப் புகழ்ந்து தள்ளினார். அப்போது மேடையில் இருந்தது பாட்டும் நடனமும் சேர்த்து நாடகாசிரியர் வில்லியம் டேவெனன்ட் மாற்றியமைத்த வடிவம்.

புத்தகங்களிலும் இதே கதைதான். 1662 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஊரே பேசிக்கொண்டிருந்த ‘ஹூடிப்ராஸ்’ என்ற அங்கதக் கவிதை நூலை இரண்டரை ஷில்லிங் கொடுத்து வாங்கினார். படித்தால் பிடிக்கவில்லை. அன்றே ஒன்றரை ஷில்லிங்குக்கு விற்றுவிட்டார். எல்லோரும் ரசிப்பது தனக்கு மட்டும் ஏன் எட்டவில்லை என்ற உறுத்தலில் பிப்ரவரியில் அதையே மறுபடி வாங்கினார். 1665 ஜனவரியில் ராபர்ட் ஹூக்கின் ‘மைக்ரோகிராஃபியா’ வந்தது. உருப்பெருக்கியில் கண்ட பேனையும் தெள்ளுப்பூச்சியையும் பெரிய படங்களாக வரைந்து காட்டிய விஞ்ஞான நூல் அது. இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து படித்தார். அதுவரை படித்ததில் அதைப்போல் அறிவுக்கூர்மை மிக்க புத்தகம் இல்லை என்று எழுதினார். 1668இல் ஓர் ஆபாச பிரெஞ்சுப் புத்தகத்தைச் சாதாரண அட்டை போட்டதாகப் பார்த்து வாங்கி, படித்துவிட்டு எரித்தார். தம் நூல்வரிசையில் அது நிற்கக் கூடாது என்பது நோக்கம். ஆனால் வாங்கியதையும் படித்ததையும் எரித்ததையும் எழுதி வைத்தார். கேம்பிரிட்ஜின் மாடலின் கல்லூரியில் இன்றும் இருக்கும் அவருடைய 3000 நூல்களும் அவர் என்னென்ன வைத்துக்கொள்ள விரும்பினார் என்பதைச் சொல்கின்றன. என்னென்ன படித்தார் என்பதற்கு நாட்குறிப்புதான் வேண்டும்.

அபிப்பிராயமே இல்லாத வெறும் பட்டியலும் சில சமயம் பெரிதாகப் பேசும். சார்லஸ் டார்வின் 1838 முதல் 1860 வரை, படிக்க வேண்டியவை, படித்தவை என்று பிரித்துக் குறிப்பேடுகள் வைத்திருந்தார். விஞ்ஞான நூல்களோடு பயண நூல்களும் வாழ்க்கை வரலாறுகளும் நாவல்களும் அதில் உண்டு. சிலவற்றை மேலோட்டமாகப் புரட்டியதாகவும் எழுதியிருக்கிறார். 1838 அக்டோபர் தொடக்கத்தில் அந்த வரிசையில் ஒன்றாக பொருளியலாளர் மால்தஸின் மக்கள்தொகைக் கட்டுரை வருகிறது. பொழுதுபோக்காகத்தான் அதைப் படித்ததாகப் பின்னாளில் சுயசரிதையில் சொன்னார். உயிரினங்கள் பெருகும் வேகத்துக்கு உணவு பெருகாது என்ற அந்த வாதமே இயற்கைத் தேர்வு என்ற கருத்துக்கு அவரைக் கொண்டுபோனது. பட்டியலில் அதற்குத் தனி அடையாளம் எதுவும் இல்லை. மாதத்தின் எந்தப் புத்தகம் வாழ்க்கையை மாற்றியது என்பது அந்த மாதத்தில் தெரிவதில்லை. தேதி எழுதி வைத்தால் பிற்பாடு தெரியும்.

நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃபின் 1922ஆம் ஆண்டு நாட்குறிப்பு ஒரே புத்தகத்தோடு நடந்த போராட்டத்தைக் காட்டுகிறது. ஆகஸ்டில் ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசஸ்’ நாவலில் 200 பக்கம் தாண்டியபோது, முதலில் கிடைத்த ரசனை போய், சலிப்பும் எரிச்சலும் வந்ததாக எழுதினார். செப்டம்பர் 6இல் முடித்ததும் குறி தவறிய படைப்பு என்றார். அந்தச் சூடு ஆறுவதற்குள் கணவர் லியோனார்ட் ஓர் அமெரிக்க மதிப்புரையைக் கொடுத்தார். அதைப் படித்ததும், நாவல் தாம் நினைத்ததைவிட மிகவும் வலுவானதாகத் தெரிவதாகவும், சில அத்தியாயங்களை மறுபடி படிக்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதினார். அச்சில் வரும் கட்டுரைகளில் இந்தத் தடுமாற்றம் தங்குவதில்லை. முடிவான தீர்ப்பு மட்டுமே நிற்கும். தடுமாற்றத்தை அழிக்காமல் விட்டதே இந்தக் குறிப்பின் பெருமை.

மாதம் என்ற அளவை அச்சில் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் ஆங்கில நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி. சான் பிரான்சிஸ்கோவில் 2003இல் தொடங்கிய ‘தி பிலீவர்’ இதழில் அதே ஆண்டு பத்தி எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு மாதமும் தலைப்புக்குக் கீழே இரண்டு பட்டியல்கள்: வாங்கியவை, படித்தவை. இரண்டும் பெரும்பாலும் பொருந்தாது. ஆண்டுதோறும் சென்னைப் புத்தகக் காட்சியில் பை நிறைய வாங்கி வருகிற வாசகர் எவருக்கும் அந்த இரண்டு பட்டியல்களின் உண்மை விளங்கும். கால்பந்துப் போட்டி, குழந்தைகள், உடல்நலம் என்று படிக்க விடாமல் செய்தவற்றையும் ஹார்ன்பி எழுதினார். ஒரு புத்தகத்திலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போனோம் என்ற பாதையைக் காட்டியதுதான் அந்தப் பத்தியின் கொடை.

தமிழில் இந்தச் சாயல் சுஜாதாவிடம் உண்டு. 1965இல் டெல்லியில் கி. கஸ்தூரிரங்கன் தொடங்கிய ‘கணையாழி’யின் கடைசிப் பக்கத்தில் அவர் நெடுங்காலம் எழுதினார், ஆரம்பத்தில் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில். புதுக்கவிதை, சினிமா, இசை, விஞ்ஞானம், அந்த மாதம் கண்ணில் பட்ட நல்ல வரி எல்லாம் அந்த ஒரு பக்கத்துக்குள் வந்தன. பிறகு ‘ஆனந்த விகட’னில் ‘கற்றதும் பெற்றதும்’ தொடரிலும் அதே போக்குத் தொடர்ந்தது. க.நா. சுப்ரமண்யம் தமக்குப் பிடித்த புத்தகங்களை ‘படித்திருக்கிறீர்களா?’ என்ற கேள்வியோடு வாசகருக்கு அறிமுகம் செய்தார். தமிழில் தீவிர வாசிப்பு வளர்ந்ததில் கனமான விமரிசனத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, இப்படி நண்பர்போல் சொல்லிவிட்டுப் போன பரிந்துரைகளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இப்போது பதிவு செய்யும் வேலையைச் செயலிகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. புத்தகங்களுக்கான குட்ரீட்ஸ் 2007இல் வந்தது; 2013இல் அமேசான் அதை வாங்கியது. படங்களுக்கான லெட்டர்பாக்ஸ்ட் 2011இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிறந்தது. இரண்டிலும் தேதி தானாகப் பதியும், நட்சத்திரம் கொடுக்கலாம். ஆனால் நட்சத்திரம் ஒன்றைச் சொல்வதில்லை: எதற்காக. நடிகர்கள் வசனத்தை மறந்த மாலையும், கதை பிடிக்காத மாலையும் அங்கே ஒரே எண்ணாகிவிடும். ஒரு படத்தைத் தியேட்டரில் முதல் வரிசையில் பார்த்தாரா, ரயிலில் கைப்பேசியில் பார்த்தாரா என்பதும் அதில் தெரியாது. நட்சத்திரத்தோடு ஒரு வாக்கியமாவது எழுதினால்தான் அது குறிப்பு.

அந்த ஒரு வாக்கியத்துக்கு மதிப்பு உண்டு என்று வரலாற்றாய்வாளர்கள் முடிவு செய்துவிட்டார்கள். பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி 1996இல் தொடங்கிய வாசிப்பு அனுபவத் தரவுத்தளம், 1450 முதல் 1945 வரை பிரிட்டானிய வாசகர்கள் எதை, எங்கே, எப்படிப் படித்தார்கள் என்பதற்கான சான்றுகளைத் திரட்டி வைத்திருக்கிறது. நாட்குறிப்புகள், கடிதங்கள், புத்தக ஓரத்துக் கிறுக்கல்கள், நீதிமன்றச் சாட்சியங்கள் எல்லாம் அதற்கு மூலங்கள். பிரபுவின் குறிப்பும் தொழிலாளியின் குறிப்பும் ஒரே வகையில் பதிவாகின்றன. அதில் சேர்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒருவரிடம் புத்தகம் இருந்தது என்ற செய்தி மட்டும் போதாது. அதை அவர் படித்தார் என்பதற்கு எழுத்தில் தடயம் வேண்டும்.