நஞ்சு ஊட்டி வளர்க்கும் கொடி

கண்ணில் பட்ட பச்சையை எல்லாம் கடித்துப் பார்க்கும் ஆடு, ஒரு செடியை மட்டும் முகர்ந்துவிட்டு விலகிப் போகும். ஆடுதின்னாப்பாளை என்ற பெயரிலேயே அந்தச் சேதி இருக்கிறது. தரையில் படரும் அந்தச் செடிக்கு, வேலியிலும் மரத்திலும் சுற்றி ஏறும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. அதுதான் ஈஸ்வர மூலி. பெருமருந்து, தலைச்சுருளி என்றும் சொல்வார்கள்.

இந்தக் குடும்பத்தின் கசப்புக்கு முக்கியக் காரணம் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்னும் நஞ்சு. ஆடுமாடுகளை விரட்டும் அதே நஞ்சைத் தேடித்தான் சில வண்ணத்துப்பூச்சிகள் வருகின்றன. சிவப்புடல் அழகி, ரோஜா அழகி, மேற்குத்தொடர்ச்சி மலையின் பொன்னழகி ஆகியவற்றின் புழுக்களுக்கு இந்தக் கொடியும் இதன் உறவுச் செடிகளுமே உணவு. தாய்ப்பூச்சி முன்னங்காலால் இலையைத் தட்டிச் சுவை பார்த்து, சரியான இலைதான் என்று தெரிந்த பிறகே முட்டையிடும்.

புழு இலையைத் தின்னத் தின்ன நஞ்சும் அதன் உடலில் சேர்கிறது. கூட்டுப்புழுவாகி இறக்கை விரித்த பிறகும் அது போவதில்லை. சிவப்புடல் அழகி அவசரமில்லாமல் மிதந்து பறப்பது அதனால்தான். ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை அந்தச் சிவப்பு உடலை மறக்காது. கறிவேப்பிலையும் எலுமிச்சை இலையும் தின்று வளரும் கறிவேப்பிலை அழகியிடம் இப்படி நஞ்சு கிடையாது. ஆனால் அதன் பெண்களில் ஒரு வகை சிவப்புடல் அழகியைப் போலவும், இன்னொரு வகை ரோஜா அழகியைப் போலவும் வேடம் பூண்டு தப்பிக்கின்றன. வேலியில் நிற்கும் ஒரு கொடி, தன் இலையைத் தொடாத பூச்சிக்கும் காவலாகிவிடுகிறது.

பூவின் வேலை இன்னும் நுட்பமானது. அடியில் குமிழ், மேலே வளைந்த குழல். வாசனைக்கு மயங்கி நுழையும் சிறு ஈ உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. குழலின் உள்ளே கீழ்நோக்கிய ரோமங்கள் வழி மறிக்கும். முதலில் விழித்திருப்பது சூலகமுடி. ஈ வேறு பூவிலிருந்து கொண்டுவந்த மகரந்தம் அதில் ஒட்டும். பிறகுதான் மகரந்தப் பைகள் வெடிக்கும். ரோமங்கள் வாடி வழிவிடும். ஈ புதிய மகரந்தத்தோடு விடுதலையாகும். முற்றிய காய் அடியிலிருந்து ஆறாகப் பிளந்து, காம்பும் ஆறு இழையாகப் பிரிந்து, சின்ன உறி போலத் தொங்கும். அதிலிருந்து தட்டையான விதைகள் காற்றில் பறக்கும்.

பெருமருந்து என்ற பெயரை நம்பி இதை யாரும் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். பாம்புக்கடிக்கு இதன் வேரைத் தருவது பழைய வழக்கம். அந்த நேரத்தில் போக வேண்டிய இடம் மருத்துவமனைதான். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மூலிகை மாத்திரையில் இந்தக் குடும்பச் செடி ஒன்று கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகம் பழுதானது. அரிஸ்டோலோக்கிக் அமிலம் புற்றுநோய் உண்டாக்கும் என்பதும் உறுதியாகிவிட்டது.

வாயில் படாமல் வேலியில் நின்றால் இதைவிட நல்ல கொடி இல்லை. புதர் என்று நினைத்து வெட்டும்போது புழுக்களின் சோறு போகிறது. அழகுக்காக வெளிநாட்டு உறவுக் கொடியை நடுவதும் ஈடாகாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தென்னமெரிக்க அழகுக்கொடி ஒன்று தோட்டங்களிலிருந்து காட்டுக்குள் பரவியது. ரிச்மண்ட் பறவை இறக்கை என்னும் பெரிய வண்ணத்துப்பூச்சி அதைத் தன் கொடி என்று நம்பி முட்டையிட்டது. இலையைத் தின்ற புழுக்கள் செத்தன. அங்கே பள்ளிப் பிள்ளைகள் மண்ணுக்குரிய கொடியின் கன்றுகளை வீட்டிலும் பள்ளியிலும் நட்டார்கள்.