பேரன் நம்பருக்குப் போன ஓடிபி

செஞ்சி தாலுக்கா ஆபீஸ் பக்கம் ஒரு நாள் காலையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கும் வயதானவர்கள் கையில் ஒரு துணிப்பை இருக்கும். உள்ளே ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், மூன்றுக்கும் நாலைந்து ஜெராக்ஸ். இடுப்புச் சுருக்குப்பையில் தனியாக ஒரு துண்டுச் சீட்டு, மடித்து மடித்து நைந்தது. அதில் ஒரு போன் நம்பர்.

"நம்பர் சொல்லு ஆயா" என்பான் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பையன். ஆயா சீட்டை நீட்டுவார். "ஓடிபி போயிருக்கு, கேட்டுச் சொல்லு." நம்பர் பேரனுடையது. பேரன் ஒரகடம் கம்பெனியில் ஷிப்டில் இருக்கிறான். போன் லாக்கரில் கிடக்கிறது. பத்து நிமிடத்தில் ஓடிபி செத்துப்போகும். ஆயா மறுநாள் மறுபடியும் பஸ் ஏறுவார். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் காசு மிச்சம். போன நாள் போனதுதான்.

"காலம் மாறிப்போச்சு, பெரியவங்களும் ஆன்லைனுக்கு வரத்தானே வேணும்" என்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பெரியவர்கள் எப்போதோ வந்துவிட்டார்கள். முதியோர் உதவித்தொகை விண்ணப்பம், ரேஷன், கேஸ் புக்கிங், வங்கிக் கணக்கு எல்லாமே அவர்கள் பெயரில் இணையத்தில்தான் ஓடுகின்றன. ஓட்டுகிற கை மட்டும் அவர்களுடையது இல்லை. பேரனின் கை, நெட் சென்டர்காரர் கை, வங்கி முகவரின் கை. நல்ல கையாக அமைந்தால் பிழைத்தார்கள். அமையாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆன்லைனுக்கு எதிரி இல்லை. ஒரு பட்டா நகலுக்காகக் கூலியை விட்டுவிட்டு ஆபீஸ் வராந்தாவில் காத்துக்கிடந்த காலம் திரும்ப வேண்டாம். சொல்லிக்கொடுத்தால் பெரியவர்களும் கற்றுக்கொள்வார்கள். கேரளம் வீடு வீடாகப் போய்க் கற்றுக்கொடுத்துவிட்டு 2025 ஆகஸ்டில் தன்னை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவித்துக்கொண்டது. ஆனால் கற்பது விருப்பமாக இருக்க வேண்டும், சோற்றுக்கு நிபந்தனையாக அல்ல. 2021 கணக்கீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். அத்தனை பேரும் போன் பழகிய பிறகுதான் அரிசி என்று சொல்ல முடியாது. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை.

ரேஷன் கடையிலிருந்து தொடங்குவோம். ஐம்பது வருஷம் நாற்று நட்டு, மல்லாட்டை பிடுங்கித் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? "கைரேகை விழல, நாளைக்கு வாங்க" என்று கடையில் சொன்னால் பெரும்பாலானவர்கள் தங்கள் விரல் மேலேயே குறைபட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டியதில்லை. ஆதார் ஆணையம் 2017 அக்டோபர் 24 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, ரேகை விழாததைக் காரணம் காட்டி எந்த உதவியையும் மறுக்கக் கூடாது, வேறு வழியில் ஆளை உறுதிசெய்து பதிவேட்டில் எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும் என்கிறது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஆதார் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும், இயந்திரம் ஏற்காததற்காக உரியவர் விடுபட்டுப்போகக் கூடாது என்பதைப் பதிவு செய்தது. கடைக்கு வரவே முடியாதவர், தன் சார்பில் இன்னொருவர் வாங்கிக்கொள்ள அங்கீகாரப் படிவம் எழுதிக் கொடுக்கலாம். 2025 ஆகஸ்ட் 12 அன்று தமிழக அரசு தொடங்கிய தாயுமானவர் திட்டம், முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள்களை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதற்கு. உங்கள் தெருவுக்கு வண்டி வரவில்லை என்றால் ரேஷன் புகார் எண்ணான 1967-க்குப் பேசுங்கள்.

வங்கியில் நிலைமை இன்னும் வேடிக்கை. "ஏடிஎம்ல எடுத்துக்கங்க, ஆப்ல பாத்துக்கங்க" என்பது அங்கே வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. 2017 நவம்பர் 9 அன்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் எழுதியதைக் கவுன்ட்டரில் யாரும் நமக்குப் படித்துக் காட்டப்போவதில்லை. நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதியோருக்குத் தனிக் கவுன்ட்டர் அல்லது முன்னுரிமை. கேட்டால் ஆண்டுக்கு 25 தாள் கொண்ட காசோலைப் புத்தகம், கட்டணமில்லாமல். ஓய்வூதியம் வாங்குபவரின் வாழ்வுச் சான்றை அந்த வங்கியின் எந்தக் கிளையிலும் காகிதமாகக் கொடுக்கலாம். 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் பணம் தருவது, பெறுவது, ஆவணம் வாங்குவது ஆகியவற்றை வீட்டுக்கே வந்து செய்ய வங்கிகள் முயல வேண்டும். டிஜிட்டல் வாழ்வுச் சான்றுதான் வேண்டுமென்றால் போஸ்ட்மேனே வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்கு முடித்துக் கொடுப்பார்.

இதற்கெல்லாம் மேலே ஒரு தீர்ப்பு இருக்கிறது. அமில வீச்சுக்கு ஆளான பிரக்யா பிரசூன் வங்கிக் கணக்குத் தொடங்கப் போனார். உயிருள்ள ஆள்தான் என்று காட்ட, கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள். இமை சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? அந்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி ஆர். மகாதேவன். டிஜிட்டல் சேவையை அணுகும் உரிமை, அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்றது அது. கிராமத்தாரும் முதியோரும் விடுபட்டுப்போவதையும் எடுத்துச் சொல்லி, காகித வழியிலான கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு, தொடர வேண்டும் என்பதையும் தன் 20 உத்தரவுகளுக்குள் வைத்தது. ஆகவே "பேப்பரெல்லாம் இப்ப கிடையாதுங்க" என்று யாராவது சொன்னால், "அதையே எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். எழுத்து என்றதும் பதில் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. ஸ்பெயினில் வலென்சியா நகரத்தைச் சேர்ந்த கார்லோஸ் சான் ஹுவான், ஓய்வுபெற்ற மருத்துவர், 78 வயது, நடுக்குவாத நோயாளி. ஏடிஎம்மில் தடுமாறி அவமானப்பட்டவர், எனக்கு வயதாகிவிட்டது, நான் முட்டாள் இல்லை என்ற முழக்கத்தோடு கையெழுத்து திரட்டினார். ஆறு லட்சத்துக்கு மேல் சேர்ந்தது. 2022 பிப்ரவரியில் கையெழுத்துகளை அரசிடம் கொடுத்தார். அதே மாதம் அந்நாட்டு வங்கிகள் கவுன்ட்டர் நேரத்தைக் கூட்ட ஒப்புக்கொண்டன. நம் ஊரில் நடப்பதோ எதிர்த்திசையில். இந்தியத் தொல்லியல் துறை 2018-இல் தன் இரண்டாம் வகைச் சின்னங்களுக்கு நுழைவுக் கட்டணமாக, ரொக்கமாகக் கொடுத்தால் 25 ரூபாய், ஆன்லைனில் 20 ரூபாய் என்று வைத்தது. செஞ்சிக் கோட்டை பார்க்க வரும் பெரியவர், போன் தெரியாததற்குக் கட்டும் வரி ஐந்து ரூபாய்.

இனி ஆபத்துக்கு வருவோம். முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய். ஒரு காலத்தில் போஸ்ட்மேன் மணியார்டராகக் கொண்டுவந்து திண்ணையில் எண்ணிக் கொடுத்த பணம் (அப்போதும் டீக்காசு பிடித்தம் உண்டு). இப்போது கணக்கில் விழுகிறது. முகவர் வைத்திருக்கும் சின்ன இயந்திரத்தில் விரல் வைத்தால் கையில் வரும். ஓடிபி கிடையாது, பின் நம்பர் கிடையாது, விரல்தான் சாவி. மோசடியும் அங்கேதான் நுழைகிறது. "ரேகை விழல, இன்னொரு தரம் வைங்க" என்று சொல்லி இரண்டு முறை பணம் எடுத்து, ஒரு முறைக்கு மட்டும் கொடுப்பது. நேர்மையான முகவர்களே அதிகம் என்றாலும், ஏமாந்தவருக்கு அந்தக் கணக்கு ஆறுதல் இல்லை. விரல் வைக்கும் ஒவ்வொரு முறையும், "விழல" என்று சொன்ன முறைக்கும் சேர்த்து, அச்சிட்ட ரசீது கேளுங்கள். மாதம் ஒரு முறை பாஸ்புக்கில் வரவு செலவு பதியுங்கள். முகவர் செய்யும் தவறுக்கு அவரை வைத்திருக்கும் வங்கிதான் பொறுப்பு. "அவன்கிட்ட போய்க் கேளுங்க" என்று மேலாளர் சொல்லித் தப்ப முடியாது. ஆதாரில் ரேகையைப் பூட்டிவைக்கவும் வசதி உண்டு. அதற்கு, பார்த்தீர்களா, பதிவான போன் நம்பர் வேண்டும்!

இன்னொன்று பயமுறுத்திப் பறிப்பது. போலீஸ் உடுப்பில் வீடியோவில் வந்து, "டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், அறையை விட்டு நகரக் கூடாது" என்பார்கள். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லவே இல்லை. அரியானாவின் அம்பாலாவில் ஒரு மூத்த தம்பதி இப்படி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழந்தார்கள். அவர்களுடைய புகாரை வைத்துத்தான் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. டிசம்பரில் விசாரணை சிபிஐ கைக்குப் போனது.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மகன் திட்டுவான் என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் திருடனுக்குச் செய்யும் பெரிய உதவி. முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன். அடுத்து வங்கிக்கு எழுத்தில் புகார், ஒப்புகை முத்திரையோடு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியாள் எடுத்த பணத்துக்கு மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் உங்களுக்கு நஷ்டமில்லை. தவறு உங்களுடையது என்றால் அதை வங்கிதான் நிரூபிக்க வேண்டும். நீங்களே ஓடிபியைச் சொல்லியிருந்தால் புகார் கொடுக்கும் வரையிலான நஷ்டம் உங்களுடையது, அதற்குப் பிறகு போவது வங்கியுடையது. 30 நாளில் வங்கி சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். சண்டிகரில் உள்ள அதன் மையத்துக்குத் தபாலில் எழுதினாலும் எடுத்துக்கொள்வார்கள், இணையம் கட்டாயமில்லை. திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும், தாலுக்கா ஆபீஸில் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியிலும் மனுவைக் கையில்தான் வாங்குகிறார்கள். யாரிடம் கேட்பது என்றே தெரியாத முதியவருக்கு 14567 என்ற உதவி எண் இருக்கிறது.

கடைசியாக, ஒரகடத்தில் ஷிப்டில் இருக்கும் பேரனுக்கு ஒரு வார்த்தை. அடுத்த லீவுக்கு ஊருக்கு வரும்போது ஆயா பெயரில் ஒரு சிம் வாங்கி, ஒரு பட்டன் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போ தம்பி. அந்த நம்பரை ஆதாரிலும் வங்கியிலும் ஏற்றிவிடு. போனில் யார் கேட்டாலும் ஓடிபியைச் சொல்லக் கூடாது என்பதை, உன்னையும் சேர்த்தே, சொல்லிவை. ஆதாரில் நம்பர் மாற்ற 75 ரூபாய். போஸ்ட் ஆபீஸிலேயே மாற்றிக்கொள்ளலாம்.